வெள்ளை அடுக்கில் ஒரு பல்

பல்லை எந்த இடத்தில் பார்த்தார் என்பதை அந்த மனிதர் கட்டிய மனைவியிடம்கூட இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. கேட்டால், "ஆராய்ச்சியம்மா யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்காங்க" என்பார். "நான் யாரு?" என்று அவள் கேட்பாள். "நீயும் யார்கிட்டயும்ல ஒருத்திதானே" என்று பதில் வரும். இப்படிப்பட்ட ஆளுக்கு, அவர் வேலை பார்க்கும் புதைபடிவக் காப்பகத்தில் 'ரூல்ஸ்' என்று பட்டப்பேர் வைத்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது.

பத்தொன்பது வருடமாக அவர் அங்கே வழிகாட்டி. எலும்பும் ஓடும் கல்லாகிப் போய்க் கிடக்கும் அந்தச் சரிவுகளுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி வைத்து அவர் பேசும் பேச்சு, அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "செருப்போட அடியைத் துடைச்சுட்டு வாங்க. வெளியே இருக்கிற களைவிதை உள்ளே வந்தா இங்க இருக்கிற செடி செத்துப் போகும். பலகைப் பாதையை விட்டுக் கீழே இறங்காதீங்க. குருவி முட்டை வெச்சிருக்கிற பக்கம் சத்தம் போடாதீங்க. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்காதீங்க. கல்லு எங்க இருக்கோ அதுதான் கல்லோட கதை. இடம் மாறிச்சுன்னா அது வெறும் கல்லு." ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவரின் மாமியார், கைப்பைக்குள் ஒரு சிப்பிக்கல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் நடந்தார். நம் ஆள் அந்த அம்மாவைக் கையோடு திரும்பக் கூட்டிப்போய், எடுத்த இடத்தை அவரையே காட்டச் சொல்லி, அவர் கையாலேயே வைக்க வைத்தார். அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. மாமியார் மட்டும் போகும்போது, "எங்க வீட்டு மாப்பிள்ளையைவிட நீ நல்ல பையன்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. அலுவலகம் பெருக்குவாள், செருப்புத் துடைக்கும் தொட்டியில் தண்ணீர் மாற்றுவாள், நீளமான இடுக்கியால் சரிவுகளில் பறந்து கிடக்கும் பிளாஸ்டிக் உறைகளைப் பொறுக்குவாள். தபாலில் வருகிற பார்சல்களைப் பிரிப்பதும் அவள்தான். மாதத்துக்கு ஒன்றிரண்டாவது வரும். எப்போதோ வந்தபோது திருட்டுத்தனமாகக் கல்லை எடுத்துப் போனவர்கள் மனசு கேட்காமல் திருப்பி அனுப்புவது. காவலாளிகள் அதற்குப் 'பாவப் பார்சல்' என்று பேர் வைத்திருந்தார்கள். உள்ளே கல்லும் கடிதமும் இருக்கும். கல்லை அலுவலகத்துக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் போட்டுவிட வேண்டும், மறுபடி சரிவில் வைக்கவே கூடாது என்பது சூப்பிரண்டு போட்ட உத்தரவு. கடிதத்தை அவர் படிப்பதில்லை. அவள் படிப்பாள்.

கடைசியில், அந்தப் பல்லைப் பற்றி அறிவிக்கும் விழா மறுநாள் பதினொரு மணிக்கு என்று முடிவாயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். சூப்பிரண்டு ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் குவார்ட்டர்ஸுக்கு வந்த கணவர், கைகூடக் கழுவாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

"இனிமே சொல்லலாம்னு ஆராய்ச்சியம்மா சொல்லிட்டாங்க."

"ஆகா, பெரிய மனசு. சொல்லுங்க, கேட்போம்."

அவர் தட்டை நகர்த்திவிட்டு, மேசைமேல் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் கோடு போட்டார். "இது பலகைப் பாதை. மூணாவது தடவை திரும்புதா? அங்க குருவி கூடு கட்டுற பாறை குடை மாதிரி நீட்டிட்டு இருக்கும்ல, அதுக்கு நேர் கீழே. மேலே சிவப்பு மண்ணு. அதுக்கு ஒரு முழம் கீழே வெள்ளை அடுக்கு. அந்த வெள்ளையில ஒரு பொந்து. அதுக்குள்ள இருந்து பாதி பல்லு வெளியே எட்டிப் பார்க்குது. இத்தனை பெரிசு."

கட்டைவிரல் நீளத்துக்குக் காட்டினார்.

அவள் கையில் ரொட்டித் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"விஷயம் என்னன்னா, அந்தப் பல்லுக்குச் சொந்தக்கார மிருகம் சிவப்பு மண்ணு காலத்துலதான் இருந்துச்சுன்னு உலகம் பூரா எழுதி வெச்சிருக்காங்க. வெள்ளை அடுக்கு அதுக்கு எத்தனையோ லட்சம் வருஷம் முந்தினது. அந்த வெள்ளையில இந்தப் பல்லு இருக்குன்னா? எல்லாப் புத்தகத்தையும் மாத்தி எழுதணும். ஆராய்ச்சியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இது அதோட மூதாதை, புது இனம்னு அறிவிச்சா, அதுக்கு என் பேரையே வைக்கப் போறாங்களாம்."

"உங்க பேரையா?"

"என் பேரைத்தான். ஏன், ரூல்ஸ்னு வைப்பாங்கன்னு நினைச்சியா?" என்று சொல்லித் தானே சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "நான் அதைத் தொடலை. ஆளனுப்பிட்டு, அந்தம்மா வர்ற வரைக்கும் வெயில்ல மூணு மணி நேரம் காவல் நின்னேன். யாராவது தோண்டி எடுத்துக் கையில கொண்டு போயிருந்தா அது வெறும் பல்லு. நான் தொடாம நின்னதாலதான் அதுக்கு மதிப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாங்க."

அவள் அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பல்லை அங்கே வைத்தவள் அவள்.

ஐந்து வருடம் இருக்கும். ஒரு பாவப் பார்சல் வந்தது. பழைய துணியில் பத்திரமாகச் சுற்றி, ஒரு பல். கூடவே நடுங்குகிற எழுத்தில் ஒரு கடிதம். 'நாற்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது. பாதை மூன்றாவது முறை திரும்பும் இடத்தில், குருவிப் பாறைக்குக் கீழே, சிவப்பு மண்ணில் இருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மனைவிக்கு வேடிக்கை காட்ட எடுத்தேன். கொண்டுபோய் வையுங்கள் என்று அன்றைக்கே சொன்னாள். வருடா வருடம் சொன்னாள். நான் கேட்கவில்லை. போன மாதம் அவள் இறந்துவிட்டாள். எனக்கு இப்போது நடக்க முடியாது. தயவுசெய்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.'

தொட்டி இருப்பது அந்தக் கிழவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே அவள் அழுதாள். வாராந்திர விடுமுறை நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சிவப்பு மண் பொலபொலவென்று இருந்தது. இரண்டு தடவை வைத்தாள், இரண்டு தடவையும் உருண்டு காலடியில் விழுந்தது. இப்படி விட்டுப்போனால் முதலில் வருகிற பயல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வானே என்று கவலையாகிவிட்டது. ஒரு முழம் கீழே வெள்ளை அடுக்கில் ஒரு பொந்து தெரிந்தது. அளவெடுத்ததுபோல் பல் அதற்குள் போனது. அங்கே கிடந்த வெள்ளை மண்ணையே பாட்டில் தண்ணீரில் குழைத்து, வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைக்கிற மாதிரி அடைத்தாள். கிழவருக்கு ஒரு நல்லது செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினாள். உத்தரவை மீறியது கணவருக்குத் தெரிந்தால் ஒரு வாரம் பிரசங்கம் கேட்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனாள்.

ஒரு முழம். போடச் சொன்ன தொட்டியிலேயே பல்லைப் போட்டிருந்தால் ஒன்றுமில்லை. அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போட்டுவிடலாம்போல் இருந்தது.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். அவள் பேசினால் எதிர்முனைக்கு வேலையே இருக்காது.

"அண்ணி, நாளைக்குக் காலையில நாங்க எல்லாரும் வண்டி பிடிச்சு வர்றோம். அண்ணனுக்கு நீலத்துல சட்டை எடுத்திருக்கேன், அதைத்தான் போடணும்னு சொல்லிடு. பெரியண்ணன்கூட வர்றார், கேட்டியா? கல்லுக்குக் காவல் இருக்கிறவன்னு சொல்லிச் சொல்லியே நம்ம அண்ணனை ஒரு விசேஷத்துக்குக்கூட முன்னாடி உட்கார வெச்சதில்ல அவரு. இப்ப என்ன சொல்றார் தெரியுமா? 'என் தம்பி பேரு உலகத்துப் புத்தகத்துல எல்லாம் வரப்போகுது'ன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டுத் திரியறார். எட்டாவதோட படிப்பை விட்டவன் பேரு! எனக்கு அழுகையே வந்துடுச்சு அண்ணி. ஏன் பேச மாட்டேங்கிற?"

"தொண்டை கட்டியிருக்கு" என்றாள் இவள்.

"வெந்நீர் குடி. நாளைக்கு நீயும் மேடையில நிக்கணும்ல."

விடிகிறவரை தூக்கம் இல்லை. சொன்னால் அவருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை போகும். சொல்லாவிட்டால் பொய் ஒன்று புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் இந்த இரண்டும்தான் வந்து நின்றன.

காலையில் அவர் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியோர்களே, நான் அதிகம் படிச்சவன் இல்ல..." அவள் பின்னால் போய் நின்றாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பார்சல், கடிதம், சிவப்பு மண், பொந்து. கண்ணாடியில் அவர் முகம் அசையவில்லை. சீப்பு மட்டும் தலையில் பாதியில் நின்றது.

"மேலே எதை வெச்சுப் பூசினே?" என்று கேட்டார்.

"அங்க இருந்த வெள்ளை மண்ணுதான். தண்ணியில குழைச்சு."

"எதால பூசினே?"

"கையாலதான். வேற எதால பூசுவாங்க? நான் என்ன கொத்தனாரா?"

அவர் சீப்பை வைத்துவிட்டு வெளியே போனார். குளித்து முடித்த மனிதர் மறுபடி முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கத்துவார், கையை ஓங்கினாலும் ஓங்குவார் என்று அவள் சுவரோடு சுவராக நின்றாள். திரும்பி வந்தவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

அவளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன். சொன்னா உன் வேலை போகும், இந்த வீடும் போகும். உத்தரவை மீறியிருக்கே."

"போகட்டும். அந்தம்மா பொய்யைப் புத்தகத்துல எழுதப் போறாங்களே."

"எழுதினா? யாரு செத்துப் போறாங்க?"

"இதை நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். பல்லு நிஜப் பல்லுதானே? நீ என்ன செதுக்கியா வெச்சே? ஒரு முழம் மேலே கீழே. அவ்வளவுதானே?"

"கல்லு எங்க இருக்கோ அதுதான் கல்லோட கதைன்னு தினம் வாசல்ல நின்னு பேசறது யாரு? போன வாரம் ஒரு பொம்பளை கைப்பையில சிப்பி வெச்சிருந்தாளே. குழந்தை அழுதுச்சுன்னு எடுத்தேன்னு கெஞ்சினாளே. விட்டீங்களா? அத்தனை பேர் முன்னாடியும் நிக்க வெச்சீங்க. அவ எடுத்தா, நான் வெச்சேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"அவ வேற, நீ வேற!"

"ஏன் வேற? உங்க பெண்டாட்டிங்கிறதாலயா?"

அவர் துண்டை வீசி எறிந்தார். "பத்தொன்பது வருஷம்டி! வெயில்லயும் குளிர்லயும் நின்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். ஒருத்தன் மதிச்சிருக்கானா? போறவன் வர்றவன் எல்லாம் கிண்டல். எங்கண்ணன் வீட்டுல எனக்கு நாற்காலி கிடையாது. ஒரே ஒரு நாள், ஒரு நாள் எனக்குன்னு வந்திருக்கு. அதையும் நீயே பிடுங்கறேங்கிறியா?"

அவளுக்கு அழுகை வந்தது. பிடுங்குவது அவள்தான், அதில் என்ன பொய்? நியாயத்துக்கு அவர் கோபம் குறைச்சல் என்றே தோன்றியது. ஆனால் அவரிடம் அவள் பயந்தது, மதித்தது, சமயத்தில் சலித்துக்கொண்டது எல்லாம் அந்த விட்டுக்கொடுக்காத குணத்தைத்தான். அது இப்படி ஒரு காலை நேரத்தில் கழன்று விழுந்ததைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"நான் பிடுங்கலைங்க" என்றாள். "நான் வெச்சதை எடுக்கணும். அவ்வளவுதான்."

அவர் நீலச் சட்டை வருவதற்கு முன்பே பழைய சீருடையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்குள் காப்பகம் அமளிதுமளிப்பட்டது. பலகைப் பாதை ஓரமாக நாற்காலிகள் போட்டார்கள். ஒரு நாற்காலிக் கால் பலகையை விட்டு இறங்கி ஈரமண்ணில் குத்தி நின்றது. வேறு நாளாக இருந்தால் கணவர் அலறியிருப்பார். இன்றைக்கு அதைத் தாண்டி நடந்து போனார். அவள் செருப்புத் தொட்டியில் தண்ணீர் மாற்றினாள். கை தானாக வேலை செய்தது. சூப்பிரண்டு ஒலிபெருக்கிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து, "ஏம்மா, நல்ல புடவை கட்டிட்டு வாம்மா, போட்டோவுல வருவே" என்று விரட்டினார். அப்போதே அவரிடம் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அவர் அதற்குள் அடுத்த ஆளைத் திட்டப் போய்விட்டார்.

பத்தேகால். இன்னும் முக்கால் மணி நேரம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஆராய்ச்சியம்மாவின் அறைக்குப் போனாள்.

ஆராய்ச்சியம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த கை, நகத்தில் எப்போதும் சாந்துக்கறை. ஆறு வருடமாக அந்தச் சரிவுகளில் முழங்கால் தேய உட்கார்ந்து சுரண்டியவள். மேசைமேல், உடைந்த காலுக்குப் போடுவதுபோல் சாந்துக் கட்டு போட்ட கட்டி ஒன்று இருந்தது. பல்லைச் சுற்றியிருந்த பாறையோடு பெயர்த்து எடுத்தது. இன்னும் பிரிக்கவில்லை. பிரித்துச் சோதித்த பிறகு அறிவிக்கலாம் என்று அவள் சொல்லியும், பெரியவர்களுக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று சூப்பிரண்டு கேட்கவில்லை.

"வாங்கக்கா. தூங்கினீங்களா? எனக்குச் சுத்தமாத் தூக்கம் இல்ல."

"எனக்கும் இல்லம்மா" என்றாள். கதவைச் சாத்தினாள். சொன்னாள்.

இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. கிழவரின் கடிதம் வரும்போது நாக்குக் குழறியது. ஆராய்ச்சியம்மா முதலில் சிரித்த முகமாகவே கேட்டாள். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்துவிட்டது.

"கடிதம் இருக்கா?"

"அஞ்சு வருஷமாச்சு. குப்பையில போயிருக்கும்."

"வேற எதாவது இப்படி வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. இது ஒண்ணுதான். உங்க மேல சத்தியம்."

"எப்படி வெச்சீங்க? ஒண்ணுவிடாம, மெதுவாச் சொல்லுங்க."

"பல்லைப் பொந்துக்குள்ள விட்டேன். வெள்ளை மண்ணைக் குழைச்சு நாலு பக்கமும் அப்பினேன். கடைசியில கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்தினேன். நல்லா ஆழமா. ஏன்னா அந்தப் பக்கம் கொஞ்சம் உப்பிட்டு இருந்துச்சு."

ஆராய்ச்சியம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "விரலால அழுத்தினீங்களா? எந்தப் பக்கம்?"

"பல்லுக்கு வலது பக்கம்."

ஆராய்ச்சியம்மா கம்ப்யூட்டரைத் திருப்பினாள். படம் படமாகத் தள்ளினாள். வெள்ளைப் பாறை, விரிசல் விட்ட மண், நடுவில் பல். ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"இங்க பாருங்க. வலது பக்கம். ஏதாவது தெரியுதா?"

அவள் குனிந்து பார்த்தாள். வலது பக்கம் மண் வழவழவென்று சமமாக இருந்தது.

"இல்லையே."

"குழைச்ச மண்ணுல ஆழமா அழுத்தினா, காய்ஞ்சதும் தடம் அப்படியே நிக்கும். அது குடைப் பாறைக்குக் கீழே. மழை படாது, காத்து அடிக்காது. இடது பக்கம் விழுந்திருக்கிற விரிசல்கூட அப்படியே இருக்கு. விரல் தடம் மட்டும் எப்படிக்கா காணாம போகும்?" ஆராய்ச்சியம்மாவின் முகத்தில் இரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. "அந்த வெள்ளை அடுக்குல மட்டும் நூறு பொந்து இருக்கு. அஞ்சு வருஷம் ஆச்சு. நீங்க வெச்சது வேற பல்லு, வேற பொந்து. தேடினா கிடைக்கும். அதை எடுத்துடலாம். இது அது இல்ல."

"நிஜமாவாம்மா?"

"தடம் இல்லையே! யாரும் தொடவும் இல்லையே. அண்ணன் மூணு மணி நேரம் காவல் நின்னிருக்காரு. வேற ஆளா இருந்தாக்கூடச் சந்தேகப்படலாம். அவரை யாராவது சந்தேகப்பட முடியுமா?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். பொந்து ஒன்றுபோல் ஒன்று இருக்கும் என்பது உண்மைதானே. தடம் இல்லை என்பது கண்ணால் பார்த்தது. நேற்று மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலையில் அந்த மனிதரைத் தேவையில்லாமல் வறுத்தெடுத்துவிட்டோமே, போய்க் காலில் விழுந்தாலும் தகும் என்று நினைத்தாள்.

கதவு திறந்தது. கணவர் நின்றார். நீலச் சட்டை போட்டிருந்தார். தோள்பட்டையில் மடிப்புக் கலையாமல், கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

"வண்டியெல்லாம் வந்தாச்சு. கூப்பிடறாங்க" என்றார். இருவர் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாங்கண்ணே" என்று ஆராய்ச்சியம்மா எழுந்தாள். "அக்கா என்னை ஒரு நிமிஷம் கொன்னே போட்டுட்டாங்க. நல்லவேளை, படம் இருந்துச்சு. அவங்க வெச்சது வேற. கட்டைவிரலால அழுத்தினாங்களாம், தடம் இருக்கணும். இதுல இல்ல. ஒரு வார்த்தை நீங்களும் சொல்லிடுங்க, அக்காவுக்கு நிம்மதியா இருக்கும். நீங்க முதல்ல பார்த்தப்ப வலது பக்கம் தடம் எதுவும் இல்லைதானே?"

எவ்வளவு சின்னக் கேள்வி. இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

வெளியே ஒலிபெருக்கியில் யாரோ 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையைக் குனிந்து சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார், கழுத்தை இறுக்கியதுபோல.

"இருந்துச்சு" என்றார்.

"என்னண்ணே?"

"தடம் இருந்துச்சு. வலது பக்கம். கட்டைவிரல் தடம். ரேகைகூடத் தெரிஞ்சுது. நான்தான் அழிச்சேன்."

ஆராய்ச்சியம்மா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மணி நேரம் நின்னேன்னு சொல்றாங்களே, அந்த மூணு மணி நேரம் என்ன பண்ணினேன்னு யாரும் கேட்கல. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. யாரோ வெச்சிருக்காங்கன்னு. வர்றவங்ககிட்ட இதைச் சொல்லிடணும்னுதான் முதல்ல நினைச்சேன். நேரம் ஆக ஆக, அந்தப் பல்லையே பார்த்துட்டு நிக்கறப்ப, இது நிஜமா இருந்தா எப்படி இருக்கும்னு தோணிச்சு. எங்கண்ணன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. விரல்ல எச்சில் தொட்டுத் தேய்ச்சேன். ஒரு தடவைதான். போயிடுச்சு." அவர் குரல் உடைந்தது. "அப்புறம் தொடாம நின்னேன். அது என்னமோ உண்மைதான்."

அவள் கணவரைப் பார்த்தாள். காலையில் சீப்பு பாதியில் நின்றதும், எதால பூசினே என்று கேட்டதும், குளித்தவர் மறுபடி முகம் கழுவியதும் இப்போதுதான் விளங்கின.

"என் விரல்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"சத்தியமாத் தெரியாது. எவனோ ஒரு திருட்டுப் பயல்னு நினைச்சுத்தான் அழிச்சேன். காலையில நீ சொன்னதும்..." கையை விரித்தார்.

பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் தன் எதிரில் தப்பு செய்தவனாக நின்று அவள் பார்த்ததில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். காலையில் அத்தனை பேச்சுப் பேசினாரே! வந்ததென்னவோ இரக்கம். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்மேல் இவ்வளவு பிரியம் எப்போதாவது வந்திருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

ஆராய்ச்சியம்மா கம்ப்யூட்டரை மூடினாள். ஆறு வருடம் உழைத்த முகம் ஒரு நொடியில் கிழடு தட்டிவிட்டது. "நான் ஏன் பிரிச்சுப் பார்க்காம ஒத்துக்கிட்டேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு, "வெளியே நான் போய்ச் சொல்றேண்ணே. சோதனை முடியலை, தள்ளி வெக்கறோம்னு சொல்லிடறேன். உங்க ரெண்டு பேர் பேச்சும் வெளியே வர வேண்டாம்" என்றாள்.

"வேண்டாம்மா. தள்ளி வெச்சா இன்னும் பத்து வருஷம் கழிச்சு எவனாவது அந்தக் கட்டியைப் பிரிச்சு நம்பிடுவான். நடந்தது நடந்த மாதிரி இருக்கணும். நான் சொல்றேன்."

மூவரும் பலகைப் பாதையில் வரிசையாக நடந்தார்கள். சூப்பிரண்டு ஓடி வந்து, "என்னய்யா இவ்வளவு நேரம்? பேச்சு ரெடியா?" என்றார். "ரெடி சார்" என்றார் அவர். வழியில் ஈரமண்ணில் இறங்கியிருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரரை எழுப்பி, நாற்காலியைத் தூக்கிப் பலகைமேல் வைத்துவிட்டு மேலே நடந்தார். மூன்றாவது திருப்பத்தில், குருவிப் பாறைக்குக் கீழே மைக் நின்றது. முதல் வரிசையில் அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தங்கைக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

அவள் அவருக்கு ஓர் அடி பின்னால் நின்றாள். அவர் கையை நீட்டிப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"பெரியோர்களே, நான் அதிகம் படிச்சவன் இல்ல. அந்தப் பல்லு இங்க தானா இருந்தது இல்ல. என் வீட்டுக்காரி தெரியாம வெச்சது. யாரோ வெச்சதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சும், அதை நான் மறைச்சேன்."

யாருக்கும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சூப்பிரண்டு வாயைத் திறந்தபடி நின்றார். தங்கை மட்டும், அண்ணன் மேடையேறிப் பேசிவிட்டான் என்கிற சந்தோஷத்தில், என்ன சொன்னான் என்று காதில் வாங்காமல் கை வலிக்கக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.